பார்ட்டுக்குக் கொடுக்கிறோம், பார்த்ததற்குக் கொடுக்கிறோமா?

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பிளக்ல கரண்ட் இல்ல சார்" என்கிறார். அடுத்து அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்கும் தெரியும். "காயில் போயிருக்கும். மாத்திப் பாத்துடலாம்."

இந்த 'மாற்றிப் பார்த்துவிடலாம்' என்பதோடுதான் எனக்குச் சண்டை. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்காமல் பாகத்தை மாற்றுவது ரிப்பேர் அல்ல, அடுத்தவர் காசில் ஆடும் சீட்டாட்டம். நான் ஐ.டி.ஐ.யில் 31 வருடம் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பயிற்சியாளராக இருந்தவன். பையன்களுக்கு முதல் நாள் சொல்லும் பாடம் இதுதான்: "கையில ஸ்பானர் எடுக்கிறதுக்கு முன்னாடி வாயில கேள்வி எடு." ஆனால் பழியை மெக்கானிக் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை என்பதும் என் கட்சி. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சங்கதிக்கு வருவோம்.

சுற்று ரொம்ப எளிது

நான் பேசுவது பாயிண்ட், கண்டன்சர் உள்ள பழைய பெட்ரோல் வண்டிகளைப் பற்றி மட்டும். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆகியவை இந்த வகை. கம்ப்யூட்டர் வைத்த இன்றைய வண்டியில் இந்தச் சோதனைகளைச் செய்துவிடாதீர்கள். அதன் எலக்ட்ரானிக் பெட்டி புகைந்துபோகும்.

இந்த இக்னீஷன் முறையை நமக்குக் கொடுத்தவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். 1910 மாடல் காடிலாக் காரில் அது வந்தது. செல்ஃப் ஸ்டார்ட்டரை உருவாக்கியவரும் அவரேதான்; அது 1912 காடிலாக்கில் வந்தது. அதற்குப் பின் ஏழெட்டுப் பத்தாண்டுகள் உலகத்துப் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை அவருடைய அந்தச் சுற்றில்தான் ஓடின. 1957-ல் உத்தர்பாராவில் அம்பாசிடர் தயாரிக்க ஆரம்பித்தபோது அதிலும் இதே சுற்றுதான்.

பேட்டரியிலிருந்து சாவி வழியாக 12 வோல்ட் கரண்ட் காயிலுக்குள் போகிறது. காயிலுக்குள் இரண்டு சுருள்கள். ஒன்று தடித்த கம்பியில் சில நூறு சுற்று. இன்னொன்று தலைமுடி மாதிரி மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. தடித்த சுருளின் மறுமுனை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் வழியாக எர்த் ஆகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது கரண்ட் ஓடி, காயில் காந்தமாகிறது. இன்ஜின் சுற்றும்போது கேம் வந்து பாயிண்டைத் திறக்கிறது. ஓடிக்கொண்டிருந்த கரண்ட் பொசுக்கென்று அறுபடுகிறது. அந்தக் கணத்தில்தான் மெல்லிய சுருளில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலே எழுந்து, பிளக்கில் தீப்பொறியாகக் குதிக்கிறது.

இதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பாயிண்ட் மூடும்போது அல்ல, திறக்கும்போதுதான் பொறி. வீட்டில் தண்ணீர் மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் 'தொம்' என்று ஒரு அடி விழும் இல்லையா? ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நிற்கும்போது வரும் அடி அது. காயிலில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். கரண்ட் எவ்வளவு சட்டென்று அறுபடுகிறதோ அவ்வளவு பலமான பொறி. பாயிண்ட் திறக்கும்போது அதன் வாயிலேயே நெருப்பு பறந்து கரண்ட் இழுபடாமல், சட்டென்று அறுபட வைப்பது கண்டன்சரின் வேலை. அப்படி எழுந்த உயர் அழுத்தம் நடு வயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புக்கும், அங்கிருந்து கார்பன், ரோட்டார் வழியாக, 1-3-4-2 என்ற வரிசையில் ஒவ்வொரு பிளக்குக்கும் போகிறது.

நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், அந்தச் சின்னப் பாயிண்ட் நிமிஷத்துக்கு 6,000 தடவை, அதாவது ஒரு நொடிக்கு 100 தடவை திறந்து மூடுகிறது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதான உலோகப் பொட்டு இவ்வளவு உழைக்கிறது. அது தேய்வதில் ஆச்சரியமில்லை, இவ்வளவு நாள் தாங்குவதுதான் ஆச்சரியம்.

மொத்தத்தில் பேட்டரி, சாவி, காயில், பாயிண்ட், கண்டன்சர், கேப், ரோட்டார், வயர், பிளக், அவ்வளவுதான். ஒன்பது ஆசாமிகள். ஒன்பது பேரில் திருடன் யார் என்று கண்டுபிடிக்க ஒன்பது பேரையுமா உள்ளே தள்ளுவது?

கேட்க வேண்டிய கேள்விகள்

ஒரு பல்பு போதும். 12 வோல்ட், 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்று, ஹோல்டர், இரண்டு முழம் வயர், இரண்டு முனையிலும் முதலைக் கிளிப். இதுதான் டெஸ்ட் லேம்ப். மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குறையில்லை.

வேலையைத் தொடங்குவதற்கு முன், வண்டியை ஓட்டியவரிடம் விசாரியுங்கள். ஓடும்போது நின்றதா, நிறுத்தி வைத்த இடத்தில் ஸ்டார்ட் ஆகவில்லையா? பட்டென்று நின்றதா, இழுத்து இழுத்து நின்றதா? மழையில் நனைந்ததா? ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆகிறதா? கடைசியாக யார், எதில் கை வைத்தார்கள்? டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் "எத்தனை நாளா?" என்று கேட்பதில்லையா, அது போலத்தான்.

அடுத்து, உண்மையிலேயே பொறி இல்லையா என்று பாருங்கள். பெட்ரோல் அதிகமாகி பிளக் நனைந்து போனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. கேப்பின் நடு வயரை உருவி, அதன் முனையை ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து, இன்ஜின் இரும்புக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளி வைத்துக்கொண்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் கசிவு இருந்தால் இந்த வேலை வேண்டவே வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் கிட்டேயே போகக் கூடாது.

'டக் டக்' என்று நீல நிறத்தில் பொறி குதித்தால், காயில் வரைக்கும் எல்லாம் சரி. கோளாறு அதற்கு அப்புறம், அதாவது கேப், ரோட்டார், வயர், பிளக் இவற்றில்தான். பொறி இல்லையென்றால் கோளாறு அதற்கு முன்னால். ஒரே சோதனையில் பாதி ஆசாமிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் பாருங்கள்!

நடு வயரில் பொறி இருந்து பிளக்கில் இல்லாவிட்டால், முதலில் கேப்பைத் திறந்து உள்ளே துடையுங்கள். மயிரிழை போலக் கறுப்புக் கோடு ஓடியிருக்கிறதா, நடுக் கார்பன் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் ரோட்டார். ரோட்டாரின் பித்தளைக்கு மேலே நடு வயர் முனையை சற்றுத் தள்ளிப் பிடித்து செல்ஃப் அடியுங்கள். பித்தளைக்குப் பொறி விடாமல் குதித்தால், ரோட்டார் உள்ளுக்குள் ஓட்டையாகி கரண்ட்டை ஷாஃப்ட் வழியாக எர்த்துக்கு விடுகிறது என்று பொருள். கண்ணால் பார்த்தால் ரோட்டார் புத்தம் புதிதாக இருக்கும். இந்தச் சோதனையில்தான் அகப்படும்.

நடு வயரிலேயே பொறி இல்லையென்றால் டெஸ்ட் லேம்பை எடுங்கள். ஒரு கிளிப்பை இன்ஜின் எர்த்தில் மாட்டுங்கள். சாவியைப் போட்டு, காயிலில் எஸ்.டபிள்யூ. என்று குறித்திருக்கும் முனையில் மறு கிளிப்பை வையுங்கள். எரிந்தால் கரண்ட் காயில் வரை வருகிறது. எரியாவிட்டால் பேட்டரி முனை, சாவி, நடுவில் உள்ள வயர் இவற்றைப் பாருங்கள். காயிலைத் தொடவே வேண்டாம்.

அங்கே எரிந்தால், இப்போது சி.பி. என்று குறித்த மறுமுனைக்கு வாருங்கள். நடு வயரை இன்ஜினில் எர்த் ஆகும்படி வைத்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். பல்பு விட்டு விட்டு எரிய வேண்டும். பாயிண்ட் திறந்தால் எரியும், மூடினால் அணையும். இந்த ஒரு சோதனை சொல்லும் கதையை வேறெதுவும் சொல்லாது.

அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், பாயிண்ட் எர்த்தைத் தொடவே இல்லை. பாயிண்டின் முகம் கருகியிருக்கலாம், எண்ணெய் படிந்திருக்கலாம், இடைவெளி அதிகமாக இருக்கலாம், அல்லது உள்ளே எர்த் வயர் அறுந்திருக்கலாம்.

எரியவே இல்லையென்றால், சி.பி. முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு அதே முனையில் பல்பை வையுங்கள். இப்போது எரிந்தால் காயிலின் தடித்த சுருள் நன்றாக இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சரோ வயரோ எர்த் அடிக்கிறது. பாயிண்ட் மாற்றும்போது அந்தச் சின்ன ஃபைபர் வாஷரை இடம் மாற்றிப் போட்டாலும் இதே கதைதான். வயரைக் கழற்றிய பிறகும் எரியாவிட்டால், அப்போது சொல்லுங்கள், காயில் போய்விட்டது என்று. கையில் ஆதாரத்தோடு சொல்லலாம்.

பல்பு ஒழுங்காக விட்டு விட்டு எரிந்தும் பொறி இல்லை, அல்லது மஞ்சளாக நோஞ்சானாக இருக்கிறது என்றால், கண்டன்சரையும் காயிலின் மெல்லிய சுருளையும் சந்தேகிக்கலாம். கண்டன்சரைச் சோதிக்கத் தனிக் கருவி வேண்டும். அது இல்லாத இடத்தில், நன்றாக இருப்பதாகத் தெரிந்த ஒன்றைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. இங்கே மட்டும் 'மாற்றிப் பார்ப்பது' நியாயம். அங்கேயும் ஒன்றை மாற்றி, பார்த்துவிட்டு, பிறகு அடுத்ததுக்குப் போக வேண்டும். காயிலை மீட்டரில் பார்ப்பதானால், வயர்களைக் கழற்றிவிட்டு அளந்தால் இந்த வகைக் காயிலில் தடித்த சுருள் 3 ஓம் சுமாருக்குக் காட்டும். மெல்லிய சுருள் பல ஆயிரம் ஓம். சில காயில்கள் சூடானால் மட்டும் அறுந்து, ஆறினால் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டதைச் சூட்டோடு சூடாக அளக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. சாவியைப் போட்டபடியே அரட்டை அடிக்காதீர்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் சும்மாவே சூடாகி, நல்ல காயிலும் கெட்டுப்போகும். அம்பாசிடரை ஹேண்டில் போட்டுச் சுற்றிப் பார்க்கிறவர்கள், நடு வயரை எர்த் செய்யாமல் சுற்றாதீர்கள். ஹேண்டில் திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும்.

டீச்சர் வீட்டு அம்பாசிடர்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். கணவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அவர் விட்டுச் சென்ற 1984 மாடல் அம்பாசிடரை டீச்சர் வைத்திருந்தது பாசத்துக்காக மட்டும் அல்ல. அவருக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. புதுக் கார்களில் குனிந்து, மடங்கி, சரிந்து உட்கார வேண்டும். ஆட்டோவில் ஏறுவது இன்னும் கஷ்டம். அம்பாசிடரின் பின் சீட் அவருக்கு நாற்காலி உயரம். கதவைத் திறந்தால் அப்படியே உட்கார்ந்துவிடலாம். வாரம் ஒருநாள் ஒரு டிரைவரை வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் கோயிலுக்கும், லால்குடியில் இருக்கும் தங்கை வீட்டுக்கும் போய் வருவார். வெளியுலகத்தோடு அவருக்கு இருந்த தொடர்பே அந்த வண்டிதான்.

ஒரு நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வண்டி நின்றது. தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள். ஒரு மெக்கானிக் வந்தார். நான்கு பிளக் மாறியது. பிறகு பிளக் வயர் செட். பிறகு காயில். செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கியதால் அதுவும் புதிது. 9,000 ரூபாய்க்கு மேல் ஆகியும் வண்டி உறுமவில்லை. கடைசியில், "டிஸ்ட்ரிபியூட்டரையே மாத்தணும், இல்லன்னா வயரிங் முழுசா புதுசா போடணும்" என்றார். அதற்கு வேறு கணக்கு. ஆர்.சி. புதுப்பிக்க இரண்டு மாதம்தான் பாக்கி. ஓடாத வண்டியை ஆர்.டி.ஓ. முன்னால் எப்படிக் கொண்டு நிறுத்துவது? வெளிநாட்டில் இருக்கும் மகன் போனில், "வித்துடும்மா, எதுக்கு இந்தத் தலைவலி" என்று சொல்லிவிட்டார். காயலான் கடைக்காரர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்து ஒரு விலையும் சொல்லிப் போயிருந்தார்.

"சார், நாளைக்கு வண்டிய எடுத்துட்டுப் போக வராங்க. ஒரு தடவ நீங்க பாத்துச் சொல்லிட்டா மனசு ஆறிடும்" என்றார் டீச்சர்.

நான் முதலில் டிரைவரைக் கூப்பிட்டு விசாரித்தேன். "ஒரு மாசமாவே ஆக்சிலேட்டர அழுத்தினா வண்டி குலுக்கும் சார். விட்டா சரியாயிடும்" என்றார். மெக்கானிக்கிடம் சொன்னாயா என்றேன். "அவரு கேக்கலியே சார்."

பல்பை எடுத்தேன். எஸ்.டபிள்யூ. முனையில் எரிந்தது. சி.பி. முனையிலும் எரிந்தது. செல்ஃப் அடித்தால் விட்டு விட்டு எரிய வேண்டியது, அணையாமல் எரிந்தது. பாயிண்ட் எர்த்தைத் தொடவில்லை. கேப்பைக் கழற்றிப் பார்த்தால் பாயிண்ட் முகம் சுத்தம். இடைவெளி ஃபீலர் கேஜில் 0.4 மில்லிமீட்டர், இருக்க வேண்டிய அளவு. பாயிண்ட் மூடித்தான் இருக்கிறது. ஆனால் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தகடு எர்த்தோடு சேரவில்லை. ஒரு வயரின் ஒரு முனையைத் தகட்டிலும் மறுமுனையை இன்ஜினிலும் வைத்தேன். பல்பு அணைந்தது. செல்ஃப் அடித்ததும் விட்டு விட்டு எரிந்தது. நடு வயரில் நீலப் பொறி.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அந்தத் தகட்டை பாடியோடு இணைக்கும் சின்ன எர்த் வயர் ஒன்று உண்டு, துணி உறை போட்டது. விரல் நீளம்கூட இருக்காது. உறை அப்படியே இருந்தது. உள்ளே செம்பு இழைகள் அறுந்து போயிருந்தன. ஏன் அறுந்தது? ஆக்சிலேட்டரை அழுத்தி விடும்போதெல்லாம் வேக்குவம் அட்வான்ஸ் அந்தத் தகட்டை இழுத்து விடுகிறது. தகடு அசையும்போதெல்லாம் வயரும் வளைகிறது. இத்தனை வருடத்தில் எத்தனை தடவை வளைந்திருக்கும்! இழை இழையாக அறுந்து, தகடு தற்செயலாகத் தொடும் இடத்தில் மட்டும் எர்த் கிடைத்து வண்டி ஒரு மாதம் குலுக்கிக் குலுக்கி ஓடியிருக்கிறது. டிரைவர் சொன்ன ஒரு வரியில் மொத்த நோயும் இருந்தது. கேட்க ஆள் இல்லை.

பல இழை கொண்ட மெல்லிய வயரைத் துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் ஐலெட் சால்டர் செய்து, தகடு தாராளமாக அசையும்படி கொஞ்சம் தளர்த்தி மாட்டினேன். முக்கால் மணி நேரம். வயரின் விலை ஒரு டீ விலைகூட இல்லை. வண்டி முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டது. டீச்சர் வாசல்படியில் நின்றபடி ஒன்றும் பேசவில்லை. காயலான் கடைக்காரருக்கு மட்டும் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொன்னார். கழற்றிப் போட்டிருந்த பழைய காயிலை மீட்டரில் அளந்தேன், பழுதே இல்லை. துடைத்து டிக்கியில் வைக்கச் சொன்னேன்.

அந்தப் பையன் கேட்ட கேள்வி

அன்று அந்த மெக்கானிக்கையும் வரச் சொல்லியிருந்தேன். சின்ன வயது, கெட்டவர் அல்ல. பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்தார். முடிந்ததும் என்னிடம் கேட்டார்: "சார், நான் இதே மாதிரி ஒரு மணி நேரம் தேடி, ஒரு வயர் அறுந்திருக்குன்னு கண்டுபிடிச்சு, ஐந்நூறு ரூபா கேட்டா யாராவது குடுப்பாங்களா? 'ஒரு வயருக்கு ஐந்நூறா'ன்னு தெருவே கூடிடும். காயில் மாத்துனா கேள்வி கேக்காமக் குடுக்கறாங்க."

இதைத்தான் இந்தக் கட்டுரையில் எல்லோரும் யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கையில் புதுப் பெட்டியைக் காட்டினால் பணம் தருகிறோம். பழைய பாகத்தைக் கழற்றிக் காலடியில் போட்டால் வேலை நடந்ததாக நம்புகிறோம். ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் இன்ஜினையே பார்த்தால், 'சும்மா நிற்கிறான்' என்கிறோம். டாக்டருக்கு மருந்து விலை தனி, பார்த்த ஃபீஸ் தனி என்று கொடுக்கப் பழகியிருக்கிறோம். வக்கீல் வாய் திறந்தாலே ஃபீஸ். மெக்கானிக்குக்கு மட்டும் தேடியதற்குக் கூலி இல்லை, மாற்றியதற்குத்தான் கூலி. அப்புறம் அவர் மாற்றத்தானே செய்வார்? நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோமோ அதுதான் நமக்குக் கிடைக்கும்.

இதில் மெக்கானிக் பங்கு இல்லையா? நிச்சயம் உண்டு. கணிப்புக்கும் சூதாட்டத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவர், ஒரு பல்பை வைத்துப் பார்க்காமல் அடுத்தவரின் பென்ஷன் பணத்தில் காயில் வாங்கக் கூடாது. கூலி கிடைக்காது என்றால் முதலிலேயே, "தேடிப் பார்க்க இவ்வளவு ஆகும், சம்மதமா?" என்று கேட்டுவிட வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பாகத்தின் விலையில் ஏற்றுவது இருவருக்கும் நல்லதல்ல.

சிலர் சொல்வார்கள்: "காயில் என்ன பெரிய விலை? நாலு பார்ட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் கோளாறு எப்படியும் போய்விடுமே." போகாது. டீச்சர் வண்டியில் போகவில்லையே! அது மட்டுமல்ல, இன்று கடையில் கிடைக்கும் பழைய வண்டிப் பாகங்கள் எல்லாம் ஒரே தரம் அல்ல. பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கண்டன்சரே எர்த் அடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கோளாறு இருந்த இடத்தில் புதுப் பாகம் இன்னொரு கோளாறைக் கொண்டுவந்தால், தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். இரண்டு கோளாறு ஒன்றாக இருக்கும் வண்டியைச் சரிசெய்வது இரண்டு மடங்கு வேலை அல்ல, பத்து மடங்கு.

வேறு சிலர், "பாயிண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் இக்னீஷன் மாற்றிவிட்டால் பிரச்சினையே இல்லை" என்பார்கள். நல்ல ஏற்பாடுதான், நான் எதிரி அல்ல. பாயிண்ட் தேய்வு இல்லை, இடைவெளி வைக்கும் வேலை இல்லை. ஆனால் அது போனால் நடுரோட்டில் உப்புத்தாளால் தேய்த்து வீடு வந்து சேர முடியாது. மாற்றினாலும் பழைய பாயிண்டையும் கண்டன்சரையும் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். தவிர, டீச்சர் வண்டியில் அறுந்தது போன்ற ஒரு எர்த் வயரோ, ஓட்டை ரோட்டாரோ எலக்ட்ரானிக் வண்டியையும் நிறுத்தத்தான் செய்யும். தேடத் தெரியாதவருக்கு எந்த இக்னீஷனும் ஒன்றுதான்.

நாம் செய்யக்கூடியது

நமக்கு வயதாகிவிட்டது, பானெட்டுக்குள் குனிய முடியாது. பரவாயில்லை. நிற்க முடியும், கேட்க முடியும். என் யோசனைகள் இவை.

மெக்கானிக் வந்தவுடனேயே சொல்லிவிடுங்கள்: "தம்பி, கோளாறு எங்கன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அதுக்கு உங்க கூலி தனி. பார்ட்டு மாத்தினாலும் சரி, மாத்தாட்டியும் சரி, தர்றேன்." சொன்னபடி முழுசாகக் கொடுங்கள். பேரம் பேச வேண்டிய இடம் இது அல்ல.

எந்தப் பாகத்தை மாற்றினாலும், அது கெட்டது என்று எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். "போயிருக்கும்" என்றால் அது யூகம். "போயிருக்கு, இதோ பாருங்க" என்றால் அது கணிப்பு. பழைய பாகத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது நல்ல பாகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வண்டியை ஓட்டுகிறவர் சொல்வதை மெக்கானிக் காதில் போடுங்கள். என்றைக்குக் குலுக்கியது, என்றைக்கு எந்த வேலை பார்த்தது என்று ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதி, கார் டேஷ்போர்டில் வையுங்கள். நமக்கு மறதி வரும் வயதில் வண்டியின் நினைவை அந்த நோட்டு வைத்துக்கொள்ளும்.

பக்கத்து வீட்டுப் பையனோ பெண்ணோ ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ படித்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள். இன்றைய வண்டி கம்ப்யூட்டரில் கோட் நம்பர் காட்டும். அந்த நம்பர் எந்தச் சுற்றில் கோளாறு என்றுதான் சொல்லுமே தவிர, எந்த வயர் அறுந்தது என்று சொல்லாது. அங்கேயும் கரண்ட் எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று தேடத்தான் வேண்டும். கருவி மாறும், கேள்வி மாறாது.

அம்பாசிடர் 2014-ல் நின்றுவிட்டது. பத்மினி அதற்கும் முன்பே போய்விட்டது. மிச்சமிருக்கும் வண்டிகளில் எத்தனையோ, தேய்ந்து ஓய்ந்ததால் அல்ல, யாரும் பொறுமையாகத் தேடிப் பார்க்காததால் காயலான் கடைக்குப் போகின்றன. அவற்றோடு சேர்ந்து, தேடத் தெரிந்த கைகளும் போய்க்கொண்டிருக்கின்றன. வண்டி போனால் இன்னொரு வண்டி வாங்கலாம். அந்தக் கைகளை எந்த ஷோரூமிலும் விற்பதில்லை.

அடுத்த தடவை வண்டி மக்கர் பண்ணினால், "எவ்வளவு ஆகும்?" என்று முதலில் கேட்காதீர்கள். "கரண்ட் எதுவரைக்கும் வருது, தம்பி?" என்று கேளுங்கள். கேள்வி சரியாக இருந்தால் பில்லும் சரியாக வரும்.